சட்டைப் பட்டன் அளவு

சலவைக்கு வந்த கோட்டு ஒன்றைக் கவுண்டரில் விரித்ததும் நம்பரக்காவின் கை முதலில் பைக்குள் போகும். வெளிப்பை இரண்டு, உள்பை ஒன்று, டிக்கெட் வைக்கிற சின்னப் பை ஒன்று. இந்த வரிசை மாறாது. பிறகு துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு தேய்ப்பு. "இதுல கம்பளி பாதிதான் சார். மீதி நைலான். வித்தவன் உங்களை நல்லா ஏமாத்திட்டான்." அதற்கப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கறை தேடுவார். அகப்பட்டால் அதைச் சுற்றிச் சிவப்பு நூலில் நான்கு தையல், ஒரு முடிச்சு.

நூல் எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. "நனைஞ்சா கறை கண்ணுக்குத் தெரியாது. போயிடுச்சுன்னு நாமளும் அலசிப் போட்டுடுவோம். காய்ஞ்சதும் அதே எடத்துல வந்து உக்காந்திருக்கும், கோவிச்சுக்கிட்டுப் போன மாப்பிள்ளை மாதிரி. அதான் நனைக்கறதுக்கு முன்னாடியே எடத்தைப் பிடிச்சு வச்சுக்கறது."

சலவைக் கடையில் அவருக்கு இது இருபத்தாறாவது வருடம். வயது ஐம்பத்து நான்கு. கடையில் மூன்றே பேர்: பின்கட்டில் இயந்திரத்தோடு கணவர், நடுவில் இஸ்திரி மேசையில் நாத்தனார், முன்னால் கவுண்டரில் இவர். வாடிக்கையான வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணைத் துணிச் சீட்டில் எழுதிக் காலரின் உள்ளே குத்துவார்கள். ரசீது என்று ஒன்று கொடுப்பதும் வழக்கம்தான். ஆனால் யாரும் அதைக் கொண்டு வந்ததில்லை. தெருவைக் கடந்து வருகிற முகத்தைப் பார்த்ததுமே அவர் கொக்கியிலிருந்து துணியை எடுத்துவிடுவார். பெயரைக் கேட்டால் விழிப்பார். எண்ணைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். நம்பரக்கா என்ற பெயர் அப்படி ஒட்டியது.

நாத்தனார் கடைக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. எட்டு வயது இளையவள்; கை வேகம், வாய் அதைவிட வேகம். இந்தப் பதினைந்து வருடத்தில் சிவப்பு நூலைத் தொட மட்டும் அவளுக்கு அனுமதி கிடைத்ததில்லை. "உன் முடிச்சு ரெண்டாவது அலசலுக்கே அவிழ்ந்துடும்" என்பார் நம்பரக்கா. "என் முடிச்சு அவிழும், உங்க முடிச்சுதான் கத்தரிக்கோலுக்கே பயப்படாதாச்சே" என்று அவளும் இஸ்திரிப் பெட்டியை 'டொக்'கென்று வைப்பாள்.

இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தபோது நம்பரக்கா கேட்ட முதல் கேள்வி, எப்போது எடுப்பீர்கள் என்பது. முதலில் எடுப்பதில்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். முதலில் கீமோ மருந்து, இருபத்தொரு நாளுக்கு ஒருமுறையாக ஆறு தடவை. கட்டி சுருங்கிய பிறகு அறுவை. இந்த வரிசை அவருக்குப் பிடிபடவே இல்லை. கறையை எடுப்பதற்கு முன்னால் எதற்காகத் துணியையே இந்தப் பாடு படுத்துவது? கேட்டார். சொன்னார்கள். தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வரும் வழியில் நாத்தனாரிடம், "உனக்கு ஏதாவது புரிஞ்சுதா?" என்றார். "நீங்க தலையாட்டினதைப் பாத்து உங்களுக்குப் புரிஞ்சுதுன்னு நானும் ஆட்டினேன்" என்றாள் அவள்.

தன் பங்குக்கு ஒரு அளவை மட்டும் அவர் கையில் வைத்துக்கொண்டார். தினமும் குளிக்கும்போது, காலை ஆறே காலுக்கு, மூன்று விரலால் தொட்டுப் பார்ப்பார். பார்த்ததைக் கணவரிடம் ஒரே சொல்லில் சொல்வார். ஆரம்பத்தில் "மேல்கோட்டுப் பட்டன்." இரண்டாவது மருந்துக்குப் பிறகு "கோட்டுப் பட்டன்." நான்காவதுக்குப் பிறகு "சட்டைப் பட்டன்." கணவர் அதைச் சுவர்க் காலண்டரில் அந்தந்தத் தேதிக்குக் கீழே எழுதி வைத்தார். அளவுக்கு அளவு, பேச்சுக்குப் பேச்சு. அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மருந்து கட்டியை மட்டும் தேடிப் போகவில்லை. முதல் தடவைக்குப் பின் பதினேழாம் நாள் தலைமுடி தலையணையோடு தங்கிவிட்டது. கடையில் கேட்பாரற்றுக் கிடந்த துணிகளுக்கென்று ஒரு அலமாரி உண்டு. அதிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கம்பளித் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். எண் 231, இரண்டு வருடம் நான்கு மாதமாக யாரும் வாங்க வராதது. சீட்டைக் கழற்றவில்லை. காதோரம் அது ஆடிக்கொண்டே இருக்கும். "பிச்சுப் போடுங்களேன் அண்ணி, விலைக்கு வச்ச பொம்மை மாதிரி இருக்கீங்க" என்றாள் நாத்தனார். "நாளைக்கே வந்து கேட்டா? நம்பர் இல்லாம எப்படிக் குடுப்பேன்?"

நாக்கு செத்துப்போனது. எதை வாயில் வைத்தாலும் சாவியைச் சப்புகிற மாதிரி இருந்தது. எவர்சில்வர் கரண்டியைத் தள்ளிவிட்டு மரக்கரண்டிக்கு மாறினார், கொஞ்சம் தேவலை. வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெந்நீர், நாளைக்கு ஐந்து முறை. சூடான சாப்பாட்டின் வாசனை குமட்டியதால் எல்லாவற்றையும் ஆறவைத்துச் சாப்பிட்டார். இஸ்திரி ஆவியின் வாசனையும் அப்படியே குமட்டியது. ஆனால் அதை ஆறவைக்க வழியில்லை; மருந்து ஏறிய முதல் வாரம் கடைக்கு வராமல் இருப்பதுதான் வழி. காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் காய்ச்சல் பார்க்க வேண்டும். முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸைத் தொட்டால் நேரம் காலம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். ஒரே ஒருமுறை முப்பத்தேழு புள்ளி ஒன்பது காட்டியது. அன்று கணவர் அரைமணிக்கு ஒருமுறை கருவியை நீட்டி, பத்தாவது தடவை திட்டு வாங்கினார்.

உடம்பைச் சமாளித்துவிட்டார். தலைக்குள் நடந்ததைத்தான் சமாளிக்க முடியவில்லை. எடுக்கப் போன பொருளை அலமாரி முன் நின்று மறந்தார். வெந்நீர் வைத்ததை மறந்தார். மருந்து விழுங்கியதை மறந்து இன்னொன்றைக் கையில் எடுத்த அன்று தானே பயந்துபோய், தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்: வீட்டுச் சாமான்களுக்கு எண் போட்டார். மாத்திரைப் பெட்டி 1, சோடா டப்பா 2, காய்ச்சல் கருவி 3 என்று துணிச் சீட்டு குத்தி, ஒரு தாளில் பட்டியலும் எழுதினார். இரண்டு நாள் நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் பட்டியலைக் காணவில்லை.

"ஏழுன்னு போட்டிருக்கே, இது என்ன?"

"உப்பு அண்ணி."

"உப்புக்கு எதுக்கு ஏழு?"

"அதை நீங்கதான் சொல்லணும். எங்க அண்ணன் சட்டையில பதினொண்ணுன்னு குத்தியிருக்கு. அவரும் காலையிலேர்ந்து அப்படியே சுத்திக்கிட்டு இருக்கார்."

கடையிலும் அதே குழப்பம். முகம் வரும், எண் வராது. எண் வரும், அது யாருடையது என்று தெரியாது. மூன்றாம் தெரு ஆசிரியருக்குப் பஸ் டிரைவரின் காக்கிச் சீருடையைக் கொடுத்தனுப்பினார். அரைமணியில் ஆசிரியர் பொட்டலத்தோடு திரும்பி வந்து, "எனக்கு வேலை மாத்திட்டாங்களா அக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நம்பரக்காவும் சிரித்தார். ஆசிரியர் போன பிறகு கவுண்டருக்குக் கீழே குனிந்து, எதையோ தேடுகிறவரைப் போல, வெகுநேரம் நிமிராமலே இருந்தார்.

ஆறாவது மருந்து ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது. அதிலிருந்து இருபத்தெட்டாம் நாள், இன்னொரு செவ்வாய், அறுவை என்று தேதி கொடுத்தார்கள். மருந்து முடிந்த ஒன்பதாம் நாள், வியாழன் காலை ஆறே காலுக்கு, குளியலறையில், மூன்று விரலுக்கும் எதுவும் தட்டுப்படவில்லை. கையை உயர்த்தித் தேடினார். குனிந்து தேடினார். சோப்பு போட்டுத் தேடினார். ஈரத் தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, "என்னங்க, போயிடுச்சு" என்றார்.

"என்ன போயிடுச்சு?"

"பட்டன்."

கணவர் பேனாவை எடுத்துக்கொண்டு காலண்டர் முன் போய் நின்றார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு கோடு மட்டும் போட்டார். அன்று அவர் ஒரே மூட்டையை இரண்டு தடவை துவைத்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க, ஆபரேஷன் வேண்டாம்னு" என்றார் நம்பரக்கா. "இல்லாததை எதுக்கு வெட்டணும்? மருந்தே சாப்பிட்டுடுச்சு. அந்த எடத்தை வேற யாராவது பாவப்பட்டவங்களுக்குக் குடுக்கட்டும்." பல மாதத்துக்குப் பிறகு குரலில் பழைய சத்தம் வந்திருந்தது. கணவர் போனைக் கையில் எடுத்தார். மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். சந்தோஷப்பட வேண்டுமா பயப்பட வேண்டுமா என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. "அடுத்த வியாழக்கிழமை எப்படியும் போகணும்ல, அப்ப நேரா சொல்லிக்கலாம்" என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பதினொன்றாம் நாள், சனிக்கிழமை. அழுக்குத் துணியைத் தொட்டால் கையுறை போடும்படி டாக்டர் சொல்லியிருந்தார். நம்பரக்கா அதில் பாதியைக் கேட்டார்: துணிக்குப் போடுவார், பைக்குள் கை விடும்போது கழற்றிவிடுவார். "இதைப் போட்டா விரலுக்குக் கண்ணைக் கட்டின மாதிரி இருக்கு." ஒரு பழுப்புக் கோட்டின் நான்கு பைகளையும் வரிசையாகத் துழாவி, "காலி" என்று நாத்தனார் பக்கம் தள்ளினார்.

இரண்டு நிமிடத்தில் நாத்தனார் முன்னால் வந்தாள். கை மூடியிருந்தது. "அண்ணி, உள்பையில இது இருந்துச்சு" என்று கவுண்டரில் வைத்தாள்.

வெள்ளைச் சட்டைப் பட்டன். நான்கு துளை.

"பாத்தேனே. உள்பையும் பாத்தேனே."

"பாத்தீங்க. நானும் பாத்தேன், நீங்க பாத்ததை."

நம்பரக்காவின் விரல் நுனிகள் மரத்துப்போவது ஐந்தாவது மருந்திலிருந்தே உண்டு. சட்டையின் பட்டன் போடக் கண்ணாடியில் பார்க்க வேண்டியிருந்தது. ஊசியில் நூல் கோக்க முடியாததால் தினமும் காலையில் நாத்தனார்தான் ஐந்து ஊசி கோத்துவைக்கிறாள். இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்த இரண்டு விஷயங்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. மூளை அப்படி ஆகியிருந்தது.

"அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றாள் நாத்தனார். உதிரிப் பட்டன் டப்பாவைத் திறந்தாள். கோட்டின் பையில் எதையோ போட்டாள், அல்லது போடாமல் இருந்தாள். "இப்ப பாருங்க. இருக்கா?"

நம்பரக்கா கையை விட்டார். "இருக்கு. மேல்கோட்டு."

"சரி. இப்ப?"

"இருக்கு... கோட்டுப் பட்டன்."

"இப்ப?"

கை உள்ளே வெகுநேரம் இருந்தது. "இல்ல."

நாத்தனார் பையைக் கவிழ்த்தாள். சட்டைப் பட்டன் விழுந்தது. இன்னொரு முறை செய்தார்கள். "இருக்கு" என்றார், அந்த முறை பை காலி. ஒன்பது தடவை ஆன பிறகு நம்பரக்கா கோட்டை மடித்து ஓரமாக வைத்தார்.

"அப்ப போனது கட்டியா, விரலா?"

"நான் வேணா தொட்டுப் பாக்கட்டுமா அண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார். "உன் வேலையைப் பாரு" என்று பதில் வந்தது. கோபத்தில் சொன்னதா கூச்சத்தில் சொன்னதா என்று சொன்னவருக்கே தெரியாது.

அடுத்து வந்த ஐந்து நாட்கள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். காலையில் குளிக்கும்போது போய்விட்டது என்று இருக்கும். பகலில் யாருடைய சட்டைப் பையிலாவது கைவிட்டு விரல் ஏமாந்தால், போகவில்லை என்று தோன்றும். முழங்கையால் தொட்டுப் பார்த்தார், உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். ஒன்று இருக்கிறது என்றது, ஒன்று இல்லை என்றது. கணவர் காலையில் காலண்டர் முன் காத்திருப்பார். "ஒண்ணும் எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பதினாறாம் நாள் வியாழன், பத்தே முக்காலுக்கு, அறுவை செய்யப்போகிற டாக்டர் பரிசோதித்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண். நகம் ஒட்ட வெட்டிய சுத்தமான விரல்கள். அந்த விரல்களையே நம்பரக்கா பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான்கு விரலைத் தட்டையாக வைத்து, சுற்றிச் சுற்றி, அவசரமில்லாமல் தொட்டுப் பார்த்த டாக்டர் சொன்னார்: "எனக்கும் கையில எதுவும் தட்டுப்படலம்மா."

இருக்கிறது என்ற பதிலுக்குத் தயாராக வந்திருந்தார் நம்பரக்கா. எழுந்து உட்கார்ந்து, கூட வந்திருந்த நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் சுவரைப் பார்த்தாள்.

"அப்ப என் விரல் சொன்னது சரியா? போயிடுச்சா?"

"போயிருக்கலாம். கையில தெரியாத அளவுக்குச் சின்னதா இருக்கவும் செய்யலாம். ஸ்கேன்லயும் லேசா நிழல் மாதிரிதான் இருக்கு. அது கட்டியா, கட்டி இருந்த தழும்பான்னு ஸ்கேனால சொல்ல முடியாது. அந்த எடத்தை எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் தெரியும். அதனால ஆபரேஷன் கண்டிப்பா வேணும்."

"உங்க கைக்கும் தெரியல, என் கைக்கும் தெரியல. அப்புறம் எந்த எடம்னு எடுப்பீங்க?"

டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். கறுப்பும் சாம்பலுமான படத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு. "இது க்ளிப். எள்ளளவுதான் இருக்கும். முதல் கீமோவுக்கு முன்னாடியே கட்டிக்குள்ள வச்சோம். மருந்து போட்டா சுருங்கும்னு தெரியுமில்லையா, அப்ப எடம் தெரியாமப் போயிடக் கூடாதுன்னு."

"எனக்கா? எப்ப வச்சீங்க?"

நர்ஸ் கோப்பைப் புரட்டிக் காட்டினார். தேதி இருந்தது. கீழே கையெழுத்து இருந்தது, கடைசி எழுத்தின் வால் மேலே சுழித்து ஏறி.

"கையெழுத்து என்னுதுதான்" என்றார் நம்பரக்கா. "போட்ட ஞாபகம்தான் இல்ல."

"வெளிய வந்து, உள்ள என்னமோ பட்டன் தைச்சு விட்டாங்கன்னு சொன்னீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "ஊசி போட்ட கோவத்துல கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சு நானும் விட்டுட்டேன்."

நம்பரக்கா திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். காதோரம் 231 ஆடியது. கறை பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கி, அந்த வெள்ளைப் பொட்டை வெகுநேரம் பார்த்தார்.

"நனைக்கறதுக்கு முன்னாடியே" என்றார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல டாக்டர். எங்க கடையில சிவப்பு நூல்ல வைப்போம்."

டாக்டருக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினார். விரலைப் பற்றி நம்பரக்கா கேட்டார். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும், மாதக் கணக்காகலாம், சிலருக்கு முழுவதும் திரும்பாமலும் போகலாம் என்று பதில் வந்தது. நான் அந்தச் சிலரில் ஒருத்தியா என்று கேட்க நினைத்து, கேட்காமல் இறங்கினார். இன்னும் எல்லாம் தெளிந்துவிடவில்லை. கட்டி இல்லாமல் போயிருந்தாலும் அந்த இடத்தை எடுப்பார்கள். எடுத்த பிறகுதான் இருந்ததா இல்லையா என்பதே தெரியும். பஸ்ஸில் இதை நாத்தனாரிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இரண்டு தடவையும் வேறு வேறு மாதிரி வந்தது.

மூன்று நாற்பதுக்குக் கடையில் இருந்தார்கள். காக்கிச் சீருடையைப் பறிகொடுத்து மீட்ட பஸ் டிரைவர், ஈரமான வெள்ளைச் சட்டையோடு வந்தார்.

"டீ கொட்டிடுச்சு அக்கா. பைப்புலயே அலசிட்டேன், சுத்தமாப் போயிடுச்சு. இஸ்திரி மட்டும் போட்டுக் குடுத்தாப் போதும்."

நம்பரக்கா சட்டையை ஜன்னலுக்குத் தூக்கினார். ஒன்றும் தெரியவில்லை. "எங்க கொட்டுச்சு?"

"இங்க, ரெண்டாவது பட்டன்கிட்ட. அதான் போயிடுச்சே."

"காட்டுங்க. சரியா எங்கேன்னு விரல் வச்சுக் காட்டுங்க." காட்டினார். "வர்ற செவ்வாய் வாங்கிக்கோங்க. அதுக்கடுத்த செவ்வாய் எனக்கு ஆபரேஷன், நான் இருக்க மாட்டேன்."

"கடையிலன்னு சேத்துச் சொல்லுங்க அண்ணி" என்று இஸ்திரி மேசையிலிருந்து குரல் வந்தது.

டிரைவர் போன பிறகு, கோத்துவைத்த ஊசியில் ஒன்றை எடுத்துத் தையல் போட்டார். விரலை நம்பாமல் கண்ணால் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முடிச்சுதான் வரவில்லை. வளையத்துக்குள் நூல் போனதா இல்லையா என்று விரல் சொல்லவில்லை. மூன்று முறை போட்டார். மூன்று முறையும் அவிழ்ந்தது. நாத்தனார் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வா" என்றார் நம்பரக்கா.

பெட்டியை வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"விரலை வை. அங்க இல்ல, நூல் குறுக்கே போற எடத்துல."

நாத்தனார் ஆள்காட்டி விரலை வைத்தாள். அதன் மேலேயே நம்பரக்கா இரண்டாவது வளையத்தைப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து, மெல்ல இழுக்கத் தொடங்கினார்.

"இறுகினதும் சொல்லு."